கண்புரை லென்ஸ் முதல் கண் வைட்டமின் வரை: எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 68. இரு கண்களிலும் கண்புரை இருப்பதாகச் சொல்லி, மருத்துவமனையில் மூன்று விதமான சிகிச்சைத் தொகுப்புகளைக் காட்டினார்கள். சாதாரண லென்ஸ், மல்டிஃபோகல் லென்ஸ், லேசர் உதவியுடன் மல்டிஃபோகல் லென்ஸ் என்று விலை படிப்படியாக ஏறுகிறது. விலை கூடினால் பார்வையும் கூடுதலாகத் தெளியுமா?

பதில்: தெளியாது. கலங்கிப்போன இயற்கை லென்ஸை அகற்றிவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸைப் பொருத்துவதுதான் உங்கள் பார்வையை மீட்டுத் தருகிறது; கண்ணின் மற்றப் பகுதிகள் நலமாக இருந்தால் இந்தப் பலன் மூன்று தொகுப்புகளிலும் கிடைக்கும். மேற்கொண்டு நீங்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கண்ணாடியின் தேவையைக் குறைத்துக்கொள்வதற்கானது.

சாதாரண லென்ஸ் எனப்படும் மோனோஃபோகல் ஒரே தூரத்துக்குத்தான் குவியும். வழக்கமாக அதைத் தொலைப்பார்வைக்கு அமைப்பார்கள் என்பதால், படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் கண்ணாடி தேவைப்படும். மல்டிஃபோகல் லென்ஸோ கண்ணுக்குள் வரும் ஒளியைத் தொலைவுக்கும் அருகுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதனால் கண்ணாடியின் தேவை குறைகிறது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் உருவங்களைப் பிரித்தறியும் திறன் சற்றுக் குறையலாம், இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி ஒளிவளையங்கள் தெரியலாம். பலருக்கு இது நாளடைவில் பழகிவிடுகிறது. சிலருக்குப் பழகுவதே இல்லை. இரவில் வண்டி ஓட்டுபவர்களும், விழித்திரை மையச் சிதைவோ முற்றிய கண் அழுத்த நோயோ (குளுக்கோமா) உள்ளவர்களும் இந்த லென்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இருமுறை யோசிப்பது நல்லது.

கருவிழியில் குறிப்பிடத்தக்க அளவு அஸ்டிக்மாட்டிசம் (வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாத குறை) இருந்தால், அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸுக்குக் கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் வீண்போகாது என்பது என் கருத்து, ஏனெனில் அது இல்லாவிட்டால் தொலைப்பார்வைக்கும் கண்ணாடி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் அளவு எவ்வளவு என்பது லென்ஸின் பவரைக் கணக்கிட எடுக்கும் பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மறு கண்ணை அருகுக்கும் அமைத்து, சாதாரண லென்ஸிலேயே கண்ணாடியைக் குறைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. விலை ஏறாத வழி என்பதாலோ என்னவோ, விற்பனை ஆலோசகர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. இது ஒத்துவருமா என்பதைக் காண்டாக்ட் லென்ஸ் அணிந்து முன்கூட்டியே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம்.

லேசரைப் பொறுத்தவரை, பிரிட்டனிலும் பிரான்ஸிலும் நடந்து 2020-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில், லேசர் உதவியுடன் செய்த அறுவை சிகிச்சை மீயொலி அலைகளால் கண்புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் வழக்கமான பேகோ முறையைவிட மேலான பார்வையைத் தரவில்லை. பேகோ முறையிலேயே ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் கீறலோடு வேலை முடிந்துவிடுகிறது.

கண்புரை பெரும்பாலோருக்கு அவசர சிகிச்சை அன்று. அது முற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணமும் இன்று பொருந்தாது. அன்றாட வேலைகளுக்கு இடைஞ்சலாகும்போது செய்துகொள்ளலாம். எனவே அன்றைக்கே முன்பணம் கட்டச் சொன்னால் மறுத்துவிட்டு, செலவுக் குறிப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். லென்ஸின் நிறுவனமும் மாடலும், பின்தொடர் பரிசோதனைகள், சொட்டு மருந்துகள் ஆகியவை அதில் அடங்கியுள்ளனவா என்று பாருங்கள். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து லென்ஸின் பின்னுள்ள சவ்வு மங்கினால், யாக் லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்ததும் லென்ஸின் பவரும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு அல்லது அட்டை உங்கள் கைக்கு வர வேண்டும். நீங்கள் பணம் கட்டிய மாடல்தான் கண்ணுக்குள் போயிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் சாப்பிடுபவர்களும், இளமையில் கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முன்னது அறுவையின்போது கண்பாவையைச் சுற்றியுள்ள திரையை (ஐரிஸ்) தளரச் செய்யும். பின்னது லென்ஸ் பவரின் கணக்கைத் தவறச் செய்யும்.

கேள்வி: கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லானோஸ்டீரால் என்ற பொருள் நாய்களின் கண்புரையைக் குறைத்ததாக 2015-இல் ஓர் ஆய்வு வெளியானதிலிருந்து இந்த வியாபாரம் சூடுபிடித்தது. மனிதர்களின் கண்புரையைக் கரைப்பதாக நிறுவப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இல்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. விழித்திரை மையச் சிதைவு என்கிறார்கள். ஒரு கண்ணுக்கு ஊசி போட வேண்டுமாம். ஊசி மருந்துகளுக்குள் விலை வித்தியாசம் மிக அதிகமாக இருக்கிறது. கூடவே கண் வைட்டமின் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் தேவைதானா?

பதில்: இந்த நோயில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு. ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. அதைக் கட்டுப்படுத்தவே கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். இதில் தாமதம் கூடாது. பெவாசிசுமாப் முதலில் புற்றுநோய்க்காக வந்த மருந்து. கண்ணுக்கு மிகச் சிறிய அளவே போதும் என்பதால் பெரிய குப்பியிலிருந்து பிரித்துக் கொடுக்கிறார்கள், அதனால்தான் விலை குறைகிறது. ரானிபிசுமாப் கண்ணுக்கென்றே தயாரிக்கப்பட்டது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் பார்வையில் இரண்டும் சமமான பலனையே தந்தன. ஆகவே மலிவான மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் குறையொன்றும் இல்லை. அது கிருமித் தொற்று இல்லாத முறையான இடத்தில் பிரிக்கப்பட்டதா என்பதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அஃப்லிபர்செப்ட், ஃபாரிசிமாப் போன்ற பிந்தைய மருந்துகளில் சிலருக்கு ஊசிகளுக்கு இடையிலான இடைவெளியை நீட்டிக்க முடிகிறது. எனவே ஓர் ஊசியின் விலையை மட்டும் பார்க்காமல், ஓராண்டுக்கு எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன், எத்தனை முறை உடன் ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். பார்வை கொஞ்சம் தெளிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டால் கசிவு திரும்ப வரக்கூடும். அந்தச் செலவைக் கடைசிவரை தாங்க முடியுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே குடும்பத்தோடு பேசி முடிவுசெய்ய வேண்டும்.

வைட்டமின் விஷயத்தில் பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். இந்த நோய்க்கான வைட்டமின் கலவையைச் சோதித்து 2013-இல் வெளியான ஏ.ஆர்.இ.டி.எஸ்.2 என்னும் ஆய்வின் கலவையில் வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80 மில்லிகிராம், தாமிரம் 2 மில்லிகிராம், லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாசாந்தின் 2 மில்லிகிராம் இருந்தன. நோய் இடைநிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றியவர்களின் மறு கண்ணுக்கும் நோய் முற்றும் வாய்ப்பை இத்தகைய கலவை குறைக்கிறது. உங்கள் தாயார் இந்த வகையில் வருவதால் மருத்துவர் எழுதியதில் பொருள் இருக்கிறது. ஆனால் லூட்டின் என்ற பெயரைப் பெரிதாக அச்சிட்டு, உள்ளே இதில் ஒரு சிறு பங்கை மட்டும் வைத்திருக்கும் மாத்திரைகள் இதற்கு ஈடாகா. புகைப்பிடிப்பவர்களுக்கும் முன்பு புகைத்தவர்களுக்கும் பீட்டா கரோட்டின் சேர்ந்த கலவை ஆகாது; நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. நோயே இல்லாத மகனும் மருமகளும் சேர்ந்து விழுங்குவதால் எந்தப் பயனும் நிறுவப்படவில்லை.

கேள்வி: எனக்குக் கண் அழுத்த நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போடலாம் அல்லது லேசர் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். லேசரை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: கண்புரை லேசர் விஷயத்தில் நியாயமான உங்கள் சந்தேகம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் கோணம் அடைபடாமல் இருக்கும் திறந்த கோண வகை நோயாக இருந்தால், அந்த வடிகாலைச் சீராக்கும் எஸ்.எல்.டி. எனப்படும் லேசரை முதல் சிகிச்சையாகவே செய்யலாம். 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மூன்றாண்டு முடிவில் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தனர். பலன் காலப்போக்கில் தேயும். தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம். மூடிய கோண வகைக்குச் செய்யும் லேசர் வேறு என்பதால், உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் கேளுங்கள்.

சொட்டு மருந்தே போதும் என்று முடிவெடுத்தால், ஆஸ்துமா உள்ளவர்கள் டிமோலால் கலந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பதால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, பெட்டியில் சொன்ன நாள் கழிந்ததும் மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போடுங்கள். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை ஓரிரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து கண்ணிலேயே தங்கும். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். எந்தச் சிகிச்சையும் இந்த நோயில் இழந்த பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைத்தான் காக்கும். ஆகவே மருந்து போட்டும் பார்வை தெளியவில்லை என்று நிறுத்திவிடுவது, கொடுத்த பணத்தையும் மிஞ்சிய பார்வையையும் சேர்த்து இழப்பதாகும்.

கேள்வி: வெள்ளெழுத்துக்குக் கடையில் தொங்கும் ஆயத்தக் கண்ணாடி போதுமா? இப்போது சொட்டு மருந்தும் வந்துவிட்டதாமே?

பதில்: இரு கண்ணுக்கும் ஒரே பவராக இருந்து, அஸ்டிக்மாட்டிசம் இல்லாவிட்டால் ஆயத்தக் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. ஆனால் அதை வாங்கிவிட்டு, நாற்பதுக்கு மேல் செய்துகொள்ள வேண்டிய கண் அழுத்தப் பரிசோதனையையும் விழித்திரைப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். பைலோகார்பின் சொட்டு மருந்து வெள்ளெழுத்துக்காக 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்பாவையைச் சுருக்கி, சில மணி நேரத்துக்கு மட்டும் அருகிலுள்ளதைத் தெளிவாக்குகிறது. தலைவலி வரலாம், இருட்டில் பார்வை மங்கலாம், அரிதாக விழித்திரை கிழிதலும் நேர்ந்திருக்கிறது என்பதால் விழித்திரையைப் பரிசோதிக்காமல் இதைத் தொடங்கக் கூடாது. மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிந்தாலோ திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.