கர்ப்பப்பையில் சீழ்: மயக்க மருந்துக்குப் பயந்து நாளைக் கடத்தாதீர்கள்

கேள்வி: எங்கள் ஏழு வயது பெண் நாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர், கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, வெளியேற வழியில்லை, உடனே ஆபரேஷன் என்கிறார். மயக்கம் கொடுத்தால் எழாது என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். வீட்டுக்கே வந்து ஊசியில் சரிசெய்வதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது, ஐயா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: அந்த ஊசிக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அம்மா. இவர்கள் வழக்கமாகப் போடுவது கர்ப்பப்பையைச் சுருக்கும் ஊசி. வாய் மூடிய கர்ப்பப்பையைச் சுருக்கினால் அது கிழிந்து, சீழ் வயிற்றுக்குள் கொட்டும். பிறகு எந்த மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாலும் காப்பாற்றுவது கடினம்.

மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மயக்கம் கொடுக்கப்பட்ட நோயுற்ற நாய்களில் சுமார் 75க்கு ஒன்று இறந்தது. உங்கள் நாயின் வயிற்றில் சீழை அப்படியே விட்டுவைத்தால் பிழைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அவசரம் என்பதற்காக வந்தவுடன் வயிற்றைத் திறந்துவிட மாட்டார்கள். முன்னங்காலில் ஊசிக்குழாய் பொருத்தி, முதலில் சலைனும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றுவார்கள். ரத்தத்தில் சிறுநீரகமும் தட்டணுக்களும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். உண்ணிக் காய்ச்சல் இருந்து தட்டணு குறைந்திருந்தால், வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காது. மயங்கியதும் மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செருகி, அதன் நுனியிலுள்ள சிறு பலூனை ஊதி அடைப்பார்கள். வாந்தி வந்தாலும் நுரையீரலுக்குள் இறங்காது. ஆக்சிஜனும் நேராகப் போகும். ஒருவர் தலைமாட்டிலேயே நின்று ஈறை விரலால் அழுத்தி விடுவார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தொடையில் நாடி, விட்டுவிட்டு உடல் வெப்பம், இவைதான் அவருடைய முழுநேர வேலை. கத்தி பிடித்தவரே இதையும் பார்த்துக்கொள்வார் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆகவே பணம் கட்டுமுன் இதைக் கேளுங்கள்: மயக்கத்தைத் தனியாகக் கவனிப்பவர் யார்? ஆக்சிஜன் இருக்கிறதா? கண்விழித்து நிமிரும்வரை பக்கத்தில் இருப்பது யார்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதே ஆய்வில் நாய்களின் இறப்பில் ஏறத்தாழ பாதி, ஆபரேஷன் முடிந்த பிறகு நிகழ்ந்தது. முதல் மூன்று மணி நேரம்தான் கண்டம்.

உங்களுடையது பக் போலச் சப்பை மூக்கு இனமா? எழுதவில்லை. அப்படியானால், விழுங்கத் தொடங்கியதுமே குழாயை எடுக்கக் கூடாது. தலையைத் தானே தூக்கி, குழாயைக் கடித்துத் தள்ளும்வரை விட்டுவைக்க வேண்டும். அவற்றின் தொண்டைச் சதை பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். எடுத்த பிறகும் நெஞ்சு தரையில் படும்படி குப்புறக் கிடத்தி, நாக்கை முன்னே இழுத்துவிட்டு, ஒருவர் கூடவே உட்கார வேண்டும். மீண்டும் குழாய் செருகத் தேவையானதெல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கால்நடை மருத்துவம் என்றாலே கறவை மாடு என்றுதான் நிர்வாகம் நினைக்கிறது. நள்ளிரவில் நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்ய ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோ என்று சீட்டு எழுதுவது எளிது. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டால் யார் பொறுப்பு? இந்த ஓட்டையில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். கமிஷனுக்காக, "ஓசூர் தாண்டிப் பெங்களூருக்கே போய்விடலாம்" என்று வண்டியைத் திருப்புபவர்களை நம்பாதீர்கள். ஸ்கேன் பார்த்த மருத்துவரிடம் மேற்சொன்ன வசதிகள் இருந்தால் அங்கேயே செய்யுங்கள். இல்லையென்றால் எங்கே போவது என்று அவரையே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆபரேஷன் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இனி பாலோ பிஸ்கெட்டோ கொடுக்காதீர்கள். இந்த மூன்று நாளில் வலிக்கென்று மனிதர் மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரைகள் அதில் உண்டு. இன்றே கிளம்புங்கள்.