பூச்சு உதிர்ந்த மண்சுவர்

அன்புள்ள ஐயா,

மண்வீடுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அழுத்திய மண்கற்களால் ஓர் அறை கட்டினேன். ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. வெளிப்பூச்சு தட்டுத்தட்டாக விழுகிறது. கொத்தனார் மண்ணைக் குறை சொல்கிறார். இனி நானே வேலை கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பத்து நாள் பயிற்சி முகாமில் சேரட்டுமா, கொத்தனார் ஒருவரிடம் கையாளாகப் போகட்டுமா?

க.

அன்புள்ள க.,

பூச்சில் என்ன கலந்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. சிமெண்ட் என்றே ஊகிக்கிறேன். மண்சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு விட்டுவிடும். அதன்மேல் விறைப்பான சிமெண்ட் பூச்சு ஏறினால், மயிரிழை விரிசலில் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கிவிடும். அங்கே மண் இளகும், பூச்சு தட்டோடு கழன்று வரும். பாவம், மண்மேல் பழி.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். ஆனால் அதுவும் லேசுப்பட்டதல்ல. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சுவரை நனைக்காமல் பூசினாலோ, ஒரே மூச்சில் கனமாக அப்பினாலோ, வெயிலில் சட்டென்று காயவிட்டாலோ பொடிந்துவிடும். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச்சாக்கு தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத கையில் சுண்ணாம்பும் உதிரத்தான் செய்யும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் கொத்தனார், அப்புறம் முகாம். முகாமில் நேர்ச்சுவரில் நாலு வரிசை கல் வைப்பீர்கள், படம் எடுத்துக்கொள்வீர்கள். வீடு கெடுவது நேர்ச்சுவரில் இல்லை. ஜன்னலின் அடியில், மூலையில், கூரை சுவரில் வந்து உட்காரும் இடத்தில். ஒரு வீட்டை அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை கூடவே நின்று பார்த்தால்தான் அவை கண்ணில் படும்.

நான் சில மாதம் கையாளாக இருந்திருக்கிறேன். முதல் மாதம் முழுக்க மணல் சலித்தேன், கலவை போட்டேன். தூக்குக்குண்டைத் தொடவே விடவில்லை. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால், "கரண்டிக்குத் தெரியும்" என்பார் என் கொத்தனார். அவர் வைத்த மூலை இன்றும் இம்மி பிசகாமல் நிற்கிறது. ஆனால் கரண்டி வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக அவர் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவார். சிமெண்டோடு சேராத தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை, பலம் குறையும். இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர்! அந்த "ஏன்" கிடைக்கும் இடம் நல்ல முகாம். ஆனால் கையில் காய்ப்பு ஏறிய பிறகு போனால்தான் கேட்பதற்குக் கேள்வி இருக்கும்.

இன்னொன்று. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் அல்ல, சூளையில் சுண்ணாம்புக்கல் சிதைவதால். அதனால் சிமெண்டைக் குறைக்க நினைப்பது சரிதான். மண்கல்லில் 5 முதல் 10 சதவீதம் சிமெண்ட் சேர்த்தால் பொதுவாகப் போதும். ஆனால் மிச்சம் பிடித்ததையெல்லாம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இடித்துப் பூசும் சுவர் தின்றுவிடும்.

இப்போதைக்குப் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுச் சுவரை நன்றாகக் காயவிடுங்கள். அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, தரையில் பட்டு எவ்வளவு உயரம் சுவரில் தெறிக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பூச்சு எது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.