சேற்றிலும் பனியிலும் பாதரேகை பதியுமா? கேள்வி பதில்

தடயவியல் கூடத்தில் கால்தடம் பார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது. தடத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

கவிதா: சேற்றில் மிதித்தால் பாதத்தின் ரேகை பதியுமா?

பதியும், சேறு ஒத்துழைத்தால். ரேகையில் வரிக்கு வரி அரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. களிமண் துகள் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் சிறியது. வரிக்குள் புகுந்து அப்படியே அச்செடுத்துவிடும். ஆற்று மணலில் ஒரே மணி வரியை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஈரம். குயவர் பிசைந்த பதத்தில் இருந்தால் பெருவிரல் வரிகளை எண்ணலாம். கூழாக இருந்தால் காலைத் தூக்கும்போதே சேறு கவ்விப் பிடித்து எல்லாவற்றையும் வழித்துவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் தென் கொரியாவின் ஜின்ஜு பாறைப் படிவு. 2019இல் வெளியான ஆய்வு அது. மினிசாரிபஸ் என்ற டைனோசர் தடவகை. தடத்தின் நீளமே இரண்டரை சென்டிமீட்டர்தான். அந்தக் குட்டி டைனோசரின் உள்ளங்காலில் அரை மில்லிமீட்டர்கூடத் தாண்டாத செதில்கள் வரிசையாகத் தெரிகின்றன. கெட்டித் தரைமேல் பெயின்ட் அடித்ததுபோல மெல்லிய சேறு, அவ்வளவுதான். கால் புதையவுமில்லை, வழுக்கவுமில்லை.

முருகேசன்: பனியில்?

கஷ்டம். பனி மணியே பெரும்பாலும் ரேகை வரியின் பருமனுக்கு இருக்கும். வெறுங்காலின் சூட்டில் உருகும், மறுபடி உறையும். வெயில் பட்டால் விளிம்பு கரைந்து தடம் பெரிதாகும். 1951இல் மலையேறி எரிக் ஷிப்டன் இமயமலையின் மென்லுங் பனியாற்றில் படமெடுத்த தடத்தை, ‘எட்டி’ என்ற பனிமனிதனுடையது என்பார்கள்; அதைப் பார்த்து வாய்பிளக்கும் முன் இதை நினையுங்கள். ஆனாலும் மனுஷன் பக்கத்தில் பனிக்கோடரியை வைத்துப் படமெடுத்தார். அளவு தெரியாத படத்தை எனக்கு அனுப்பாதீர்கள்.

சரவணன்: அமெரிக்கக் காடுகளில் திரிவதாகச் சொல்லும் பிக்ஃபுட் என்ற ராட்சதக் குரங்குமனிதனின் தடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த வார்ப்புகளில் ரேகை இருக்கிறதே? கைரேகை நிபுணரே ஒப்புக்கொண்டார்.

ஜிம்மி சில்கட்டைச் சொல்கிறீர்கள். ரேகை படிக்கத் தெரிந்தவர்தான். பிளாஸ்டர் செய்யும் குறும்பு வேறு விஷயம். அவர் காட்டிய வார்ப்புகளில் ஒன்று 1967இல் கலிஃபோர்னியாவின் ஆனியன் மலையில் எடுத்தது. மேட் க்ரௌலி என்பவர் காய்ந்த, மாவுபோன்ற மண்ணில் பிளாஸ்டர் ஊற்றிப் பார்த்தார். கால் எதுவும் படாத இடத்திலேயே வரிகள் வந்தன! காய்ந்த மண் நீரை உறிஞ்ச, பிளாஸ்டர் குழம்பு விட்டுவிட்டு நகரும்; நின்ற இடமெல்லாம் வரி.

சரவணன்: எல்லா வார்ப்பும் அப்படியா?

நான் அப்படிச் சொல்லவில்லையே. வார்ப்பில் வரி தெரிந்தால் முதலில் மண்ணைக் கேளுங்கள், பிறகு காலைக் கேளுங்கள் என்கிறேன்.

சரவணன்: நிபுணர் பொய் சொல்வாரா?

பொய் என்று எங்கே சொன்னேன்? போதும், அடுத்தவர்.

ஷீலா: பனித்தடத்தில் பிளாஸ்டர் ஊற்றலாமா?

நேராக ஊற்றாதீர்கள், இறுகும்போது சூடாகும். முதலில் அதற்கென உள்ள மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள்.

பாபு: சேற்றில் ரேகை பதியுமா?

கவிதாவுக்குச் சொன்ன பதில் மேலே.

தேவி: எங்கள் கொல்லையில் இந்தத் தடம். சிறுத்தையா? படம் இணைத்துள்ளேன்.

பக்கத்தில் ஒரு தீப்பெட்டியாவது வைத்து மறுபடி எடுங்கள்.