வாசகர் கேள்வி பதில்: போர் கேட்கும் தலைவர்கள் போருக்குப் போனார்களா?

கேள்வி: தொலைக்காட்சியைப் போட்டாலே எந்த நாட்டுத் தலைவராவது போர் வந்தே தீரவேண்டும் என்கிறார். என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். கேட்கும்போதே வயிறு கலங்குகிறது. இப்படிப் பேசுகிறவர்கள் எப்போதாவது தாங்கள் போர்முனைக்குப் போயிருக்கிறார்களா சார்?
(ஒரு வாசகி, கோவில்பட்டி)

உங்கள் தம்பி நல்லபடியாக விடுப்பில் வீடு வந்து சேரட்டும் அம்மா.

போனவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே யார் சேவை செய்தார், யார் விலகினார் என்பது பொதுவெளியில் கிடைக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் 18 முதல் 26 வயது வரையுள்ள இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்கும் சட்டம் அங்கே இருந்தது. ஆனால் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் ஒத்திவைப்பு வாங்கலாம். குழந்தை பிறக்கப்போகிறது என்றாலும் வாங்கலாம். கல்லூரிக்குப் பணம் கட்ட வழியில்லாதவன் பள்ளி முடித்த கையோடு சீருடை போட்டான். படிக்க வசதி உள்ளவனுக்கு வயது 26-ஐத் தாண்டும்வரை கதவு திறந்தே இருந்தது.

அந்தக் கதவு வழியே போனவர்களில் டிக் செனியும் ஒருவர். ஐந்து முறை ஒத்திவைப்பு. நான்கு படிப்புக்காக, ஐந்தாவது மனைவி கருவுற்றிருந்ததற்காக. 1989-ல் அவர் பாதுகாப்பு அமைச்சராக நியமிக்கப்பட்டபோது இதைக் கேட்டார்கள். அறுபதுகளில் ராணுவச் சேவையைவிட வேறு முன்னுரிமைகள் தனக்கு இருந்தன என்று பதில் சொன்னார். அவர் சட்டத்தை மீறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வியட்நாமில் இறந்த 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் வாழ்க்கையில் வேறு முன்னுரிமைகள் இருந்திருக்கும். அதைப் போலப் பல மடங்கு இறந்த வியட்நாமியர்களுக்கும்தான். இதே செனி 2003-ல் துணை அதிபராக இருந்து ஈராக் போரை முன்னின்று வலியுறுத்தினார். அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இது ஒரு கட்சியின் குறை என்று நினைக்க வேண்டாம். இளைய புஷ் டெக்சாஸ் தேசியக் காவல்படையில் விமானம் ஓட்டினார், வியட்நாமுக்குப் போகவில்லை. கிளிண்டன் போகவில்லை. டிரம்புக்கு நான்கு படிப்பு ஒத்திவைப்பு, அப்புறம் குதிகால் எலும்புக் கோளாறு என்று ஒன்று. பைடனுக்கும் படிப்பு ஒத்திவைப்புகள் உண்டு, ஆஸ்துமா என்று விலக்கும் உண்டு. 1993 முதல் வெள்ளை மாளிகையில் அமர்ந்தவர்களில் ஒருவர்கூடப் போர்க்களத்தில் நின்றவர் இல்லை.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். என்னிடம் படித்த பையன்களில் ராணுவத்துக்குப் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆள்சேர்ப்பு முகாமுக்காக விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடியவர்கள். மானாவாரி விவசாயி வீட்டுப் பிள்ளைகள், லாரி டிரைவரின் மகன்கள், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அம்மாக்களின் மகன்கள். நம் நாட்டில் கட்டாயச் சேவை கிடையாது, விரும்பித்தான் சேர்கிறார்கள். ஆனால் அந்த விருப்பம் யார் வீட்டில் பிறக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: போர்க்களத்தைக் கண்ணால் பார்த்தவன் ஆட்சிக்கு வந்தால் போரே வராது என்று என் தாத்தா சொல்வார். சரிதானே?
(ஒரு வாசகர், திருவண்ணாமலை)

தாத்தா மேல் மரியாதையோடு சொல்கிறேன், சரியில்லை. ஹிட்லர் முதல் உலகப் போரில் சிப்பாயாக நின்றவர், இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். முசோலினி போரில் இத்தாலி சேரவேண்டும் என்று எழுதினார், படையிலும் சேர்ந்தார், 1917-ல் காயமும் பட்டார். பதுங்குகுழியில் கிடந்த அந்த இரண்டு பேரும் உலகத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் கதை இன்னும் யோசிக்க வைப்பது. போரின் மாபெரும் வெற்றிகளுக்கு அமைதியின் எந்த வெற்றியும் ஈடாகாது என்று 1897-ல் கடற்படைக் கல்லூரியில் பேசியவர் அவர். அப்போது கடற்படைத் துறையின் துணைச் செயலர். அடுத்த ஆண்டு ஸ்பெயினோடு போர் மூண்டதும் பதவியைத் தூக்கிப்போட்டுவிட்டு, தன்னார்வப் படை ஒன்றைத் திரட்டிக்கொண்டு கியூபாவுக்குப் போனார். 1898 ஜூலை 1 அன்று சான் ஹுவான் குன்றுகளில் படையை நடத்தி மேலே ஏறினார். 1917-ல், 58 வயதில், மறுபடியும் படை திரட்டிப் பிரான்சுக்குப் போக அதிபர் வில்சனிடம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. நான்கு மகன்களும் போனார்கள். கடைக்குட்டி குவென்டின் போர் விமானி. 1918 ஜூலை 14 அன்று பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது வயது 20. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1919 ஜனவரியில் தகப்பனும் போய்விட்டார்.

சொன்னதைச் செய்த மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1898-ல் தொடங்கியது கியூபாவோடு நிற்கவில்லை. ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைக் கையில் எடுத்த அமெரிக்கா, விடுதலை கேட்ட அந்த மக்களோடு போரிட்டது. சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலும் லட்சக்கணக்கில் மாண்டார்கள். ரூஸ்வெல்ட் குன்றேறியதற்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? தன் உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தவருக்கு அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை தானாக வந்துவிடாது. தாத்தா சொன்னதில் நான் திருத்த விரும்புவது இதைத்தான். ஒரு போர் நியாயமா இல்லையா என்பதை அதைக் கேட்பவரின் மார்பில் தொங்கும் பதக்கத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

கேள்வி: அமைதி வேண்டும் என்று யாராவது பேசினால் உடனே கோழை, தேசத்துரோகி என்கிறார்களே?
(ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

தம்பி, ஜார்ஜ் மெக்கவர்ன் என்ற பெயரைத் தேடிப் படியுங்கள். தெற்கு டகோட்டாவில் ஒரு பாதிரியாரின் மகன். இரண்டாம் உலகப் போரில் 22 வயதில் பி-24 குண்டுவீச்சு விமானத்தின் விமானி. இத்தாலியின் செரிஞ்ஞோலாவிலிருந்து 35 முறை தாக்குதலுக்குப் பறந்தார். ஒருமுறை இன்ஜின் பழுதாகி, விஸ் என்ற தீவில், அந்த விமானத்துக்குத் தேவையான நீளத்தில் பாதிகூட இல்லாத ஓடுபாதையில் இறக்கித் தன் குழுவைக் காப்பாற்றினார். அதற்குப் பதக்கமும் கிடைத்தது.

அந்த மனிதர்தான் செனட்டரான பிறகு வியட்நாம் போரை நிறுத்தச் சொன்னார். போர் வீரராக இருந்த இன்னொரு செனட்டர் மார்க் ஹாட்ஃபீல்டோடு சேர்ந்து, படைகளைத் திரும்பப் பெறத் தேதி குறிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஹாட்ஃபீல்ட் கடற்படை அதிகாரியாக ஐவோ ஜிமாவிலும் ஒகினாவாவிலும் இருந்தவர், குண்டு விழுந்த பிறகு ஹிரோஷிமாவை நேரில் பார்த்தவர். 1970 செப்டம்பர் 1 அன்று வாக்கெடுப்புக்கு முன் மெக்கவர்ன் எழுந்தார். 50,000 இளைஞர்களைச் சிறு வயதிலேயே கல்லறைக்கு அனுப்பியதில் இங்குள்ள ஒவ்வொரு செனட்டருக்கும் பங்கு உண்டு என்றார். இந்த அவையில் ரத்த வாடை வீசுகிறது என்றார். கொடியைப் போர்த்திக்கொண்டு வியட்நாமில் நீடிப்போம் என்று சொல்ல எந்தத் துணிச்சலும் வேண்டாம், சிந்தப்படுவது நம் ரத்தம் இல்லையே என்றார். அவை உறைந்துபோனது. பேச்சு தன்னைப் புண்படுத்தியதாக ஒரு செனட்டர் வந்து சொன்னார். அதற்காகத்தான் பேசினேன் என்றார் மெக்கவர்ன். திருத்தம் 55-க்கு 39 என்று தோற்றது.

1972-ல் அதிபர் தேர்தலில் நின்றபோது அவரை நெஞ்சுரம் இல்லாதவர் என்று சித்திரித்தார்கள். 35 பயணங்களைப் பற்றி அவர் மேடையில் பெரிதாகப் பேசிக்கொள்ளவும் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும் தவிர எல்லாவற்றிலும் தோற்றார்.

இன்னொரு பெயர், செனட்டர் மேக்ஸ் கிளேலண்ட். 1968-ல் வியட்நாமில் கையெறி குண்டு வெடித்து இரண்டு கால்களையும் வலது கையையும் இழந்தவர். ஈராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்துக்கு ஆதரவாகத்தான் வாக்களித்தார், அப்படியும் விடவில்லை. 2002 தேர்தலில் பின்லேடன், சதாம் உசேன் படங்களைக் காட்டித் தேசப் பாதுகாப்பில் அவர் உறுதியற்றவர் என்று விளம்பரம் செய்தார்கள். அவரைத் தோற்கடித்தவர் வியட்நாமுக்கு ஒத்திவைப்பு வாங்கியவர். ஆகவே தம்பி, கோழை என்று யாராவது சொன்னால் கூச்சப்படாதீர்கள். அந்தச் சொல்லை யார் மேலும் வீசலாம், மூன்று உறுப்புகளைக் கொடுத்தவர் மேலும் வீசியிருக்கிறார்கள்.

கேள்வி: போருக்கு ஓட்டுப் போடுகிறவர் வீட்டுப் பிள்ளையைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட முடியாதா?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

உங்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அப்படி ஒரு சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அப்பா போட்ட ஓட்டுக்கு மகன் ஏன் சாகவேண்டும்? 2002 அக்டோபரில் அமெரிக்க செனட் 77-க்கு 23 என்று ஈராக் போருக்கு அனுமதி கொடுத்தபோது, ஆதரித்தவர்களில் டிம் ஜான்சன் என்பவரின் மகன் உண்மையிலேயே படையில் இருந்தான், ஈராக்குக்கும் போனான். அதனால் அந்தப் போருக்குச் சொல்லப்பட்ட காரணம் மெய்யாகிவிடவில்லை. பேரழிவு ஆயுதக் குவியல் அங்கே கிடைக்கவே இல்லை.

வேறு வழிகளை யோசித்தவர்கள் உண்டு. லூயிஸ் லட்லோ என்ற அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், நாடு தாக்கப்பட்டால் தவிர, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் போர் அறிவிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத் திருத்தம் கேட்டார். 1938 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை அதை விவாதத்துக்கே எடுக்க மறுத்தது, 209-க்கு 188. எனக்குப் பிடித்த யோசனை அதுதான். 21 வாக்குகள்தான் வித்தியாசம் என்பது எனக்கு நம்பிக்கையும் தருகிறது.

அதே சபையில் பின்னாளில் உறுப்பினராக இருந்த சார்லஸ் ரேஞ்சல் கேட்டது வேறு. கொரியப் போரில் 1950-ல் காயத்தோடு தன் ஆட்களைச் சீனப் படைகளின் முற்றுகையிலிருந்து வெளியே கூட்டிவந்தவர். பணக்காரன் பிள்ளைக்கும் ஏழை பிள்ளைக்கும் ஒரே அழைப்புக் கடிதம் போகட்டும், அப்போது தலைவர்கள் யோசிப்பார்கள் என்று 2003-ல் கட்டாயச் சேவை மசோதாவைக் கொண்டுவந்தார். 2004 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால், எதிர்த்தரப்பு விசாரணை எதுவும் இல்லாமல் அதைத் திடீரென்று வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. இந்த முறையைக் கண்டித்து ரேஞ்சலே எதிர்த்து வாக்களித்தார். ஆதரவு 2, எதிர்ப்பு 402. அதற்குப் பிறகும் பலமுறை கொண்டுவந்தார். எதுவும் சட்டமாகவில்லை.