ஒரே கஜானா, இரண்டு பக்கமும் வக்கீல்

கேள்வி: மகள் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலையை விட்டு நீக்கிய ஒரு போலீஸ்காரரை ஷெரிஃப் திரும்பச் சேர்த்துக்கொண்டாராம், அதற்காகக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகமே ஷெரிஃப் மேல் வழக்குப் போட்டதாம். மாப்பிள்ளை சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு அரசாங்கம் தன் மேலேயே கேஸ் போடுமா?

பதில்: போட்டது. மாப்பிள்ளை கதை விடவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நீங்கள் சாலையில் பார்க்கும் எல்.ஏ.பி.டி. கார் நகரப் போலீஸுடையது, அதன் தலைவரை மேயர் நியமிக்கிறார். ஷெரிஃப் வேறு. சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் கவுண்டி முழுவதற்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள் அவர். கவுண்டியை நடத்தும் ஐந்து சூப்பர்வைசர்களும் அப்படியே ஓட்டில் ஜெயித்து வந்தவர்கள்தான். பட்ஜெட் அவர்கள் கையில், படை இவர் கையில். இவர் தப்புச் செய்தார் என்று அவர்கள் கூப்பிட்டு அதட்ட அப்போது முடியாது, அதனால் முட்டிக்கொண்டால் பஞ்சாயத்து கோர்ட்டுக்குத்தான் போகும்.

இனி கதை. 2016-ல் ஒரு டெபுட்டியை (ஷெரிஃப் படையின் போலீஸ்காரரை அப்படித்தான் சொல்வார்கள்) வேலையை விட்டு நீக்கினார்கள். அவரோடு முன்பு பழகிய சக பெண் டெபுட்டி, தன்னைத் தாக்கினார், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தார், வீட்டுக்குள் நுழையப் பார்த்தார் என்று புகார் கொடுத்திருந்தார். நீக்கப்பட்டவர் மறுத்தார். அரசு வழக்கறிஞரும் கிரிமினல் வழக்குப் போடவில்லை. ஆனால் ஜெயிலுக்கு அனுப்புவதற்கு வேண்டிய ஆதாரத்தின் அளவு வேறு, பேட்ஜைப் பிடுங்குவதற்கு வேண்டியது வேறு. நீக்கியது சரிதானா என்று பார்க்கவே அங்கே சிவில் சர்வீஸ் கமிஷன் இருக்கிறது. அது இரு தரப்பையும் விசாரித்து, 2018-ல், நீக்கியது சரி என்று சொல்லிவிட்டது.

அதே வருடம் நவம்பரில் தேர்தல். பதவியில் இருந்த ஜிம் மெக்டானலை அலெக்ஸ் வியனுவேவா தோற்கடித்தார். அந்தக் கவுண்டியில் பதவியில் இருக்கும் ஷெரிஃப் தோற்று நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அதனால் பெரிய பரபரப்பு. டிசம்பரில் பொறுப்பேற்றார். வந்த சில வாரத்துக்குள்ளேயே இந்த டெபுட்டியைத் திரும்பச் சேர்த்தார். அவர் வியனுவேவாவின் பிரச்சாரத்தில் வேலை பார்த்தவர் என்பதுதான் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. பழைய நிர்வாகத்தில் பலரை அநியாயமாக நீக்கினார்கள், அதைச் சரிசெய்கிறேன் என்பது ஷெரிஃப் சொன்ன நியாயம். அது முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், பெரிய படை எதிலும் பழிவாங்கல் நடக்கும். ஆனால் பல பேருக்கு நியாயம் செய்ய வந்தவர் தன் பிரச்சாரத்தில் ஓடியாடிய ஆளிடமிருந்தா தொடங்குவார்?

கவுண்டி ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் எங்கள் ஊழியரே இல்லை, துப்பாக்கியையும் பேட்ஜையும் திருப்பிக் கொடுங்கள் என்று அந்த டெபுட்டியிடம் கேட்டது. அவர் கொடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: கவுண்டி கணக்கில் அவர் வேலையில் இல்லாதவர், ஷெரிஃப் கணக்கில் சீருடை போட்ட அதிகாரி, இடுப்பில் அரசாங்கத் துப்பாக்கி. நாளைக்கு அவர் ஒருவரைக் கைது செய்தால் அந்தக் கைது செல்லுமா? 2019 மார்ச்சில் சூப்பர்வைசர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் நீதிபதி மிட்செல் பெக்லாஃப், வழக்கு முடியும்வரை அவர் அதிகாரியாக நடந்துகொள்ளக் கூடாது, துப்பாக்கியையும் பேட்ஜையும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

கேள்வி: அப்படியென்றால் ஷெரிஃபின் வக்கீலுக்கு யார் பணம் கொடுத்தது? அவர் சொந்தப் பணமா?

பதில்: சொந்தப் பணமாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் அபிப்பிராயம். வழக்கமாக ஷெரிஃபுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது கவுண்டி கவுன்சல் என்ற அரசு வக்கீல் அலுவலகம். ஆனால் அதே அலுவலகம் சூப்பர்வைசர்களுக்கும் வக்கீல். சண்டை இருவருக்குள்ளேயே வந்துவிட்டால் அது யாருக்காகப் பேசும்? இதற்காகவே கலிஃபோர்னியா அரசுச் சட்டத்தில் 31000.6 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்த மாதிரி முரண்பாடு வந்தால் ஷெரிஃப் கேட்டுக்கொண்டபடி வெளி வக்கீலை அமர்த்தித்தர வேண்டும், செலவு கவுண்டியுடையது. இதில் குற்றம் சொல்லவும் முடியாது, வக்கீலே இல்லாமல் ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரியைக் கோர்ட்டில் நிறுத்துவது நியாயமில்லை. ஆனால் இந்த வக்கீல்கள் மணிக்கணக்கில் பில் போடுபவர்கள். வாதியின் மனுவைப் படித்த நேரத்துக்கு ஒரு பில், பிரதிவாதியின் பதிலைப் படித்த நேரத்துக்கு இன்னொரு பில், இரண்டும் போய்ச் சேருவது ஒரே கஜானாவுக்கு. யார் ஜெயித்தாலும் கட்டுவது உங்கள் மகளும் மாப்பிள்ளையும்தான்.

கேள்வி: அந்த ஷெரிஃபை யாராலும் வீட்டுக்கு அனுப்ப முடியாதா?

பதில்: 2022 நவம்பரில் இரண்டு விதமாகவும் பதில் வந்தது. வியனுவேவாவை ராபர்ட் லூனா தேர்தலில் தோற்கடித்தார். அதே வாக்குச்சீட்டில் மக்கள் ஓட்டுக்கு விடப்பட்ட 'மெஷர் ஏ' என்ற தீர்மானமும் நிறைவேறியது: தக்க காரணம் இருந்தால் ஐந்து சூப்பர்வைசர்களில் நான்கு பேர் சேர்ந்து ஷெரிஃபை நீக்கலாம். அப்புறம் ஒரு வேடிக்கை, 2018-ல் தோற்ற ஜிம் மெக்டானல் 2024-ல் நீங்கள் சாலையில் பார்க்கிற அந்த எல்.ஏ.பி.டி.க்கே தலைவராகிவிட்டார்.