அடிபட்டால் கம்பெனிதான் பார்க்கணும், தம்பி

புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வரப்போகும் தம்பி, சம்பளம், தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "அடிபட்டால் கம்பெனி பார்க்குமா, நம்ம காசா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கேட்க வேண்டியதே அதுதான். சம்பளம் ஐபிஏ கடிதத்தில், அதாவது வேலைக்கு முன்அனுமதி தரும் கடிதத்தில், இருக்கும். சாப்பாடும் சிம் கார்டும் வந்தால் தானாகப் பிடிபடும்.

கம்பெனிதான் பார்க்க வேண்டும். உடல் உழைப்பு வேலை செய்கிற எல்லாருக்கும் விபத்து இன்சூரன்ஸ் எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. யார் தப்பு என்ற கேள்விகூட இதில் வராது. நீங்களே கால் இடறி விழுந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு உண்டு. எம்சி (டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சம்பளமும் உண்டு: சாதாரண எம்சி என்றால் முதல் 14 நாளும், ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரையும் முழுதாக, அதற்கப்புறம் மூன்றில் இரண்டு பங்கு. நிரந்தர ஊனம் என்றால் மொத்தமாக ஒரு தொகை. ஒரு வருஷத்துக்குள் கிளெய்ம் போட வேண்டும். உங்கள் வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டாலும் அந்த உரிமை போகாது.

இனிதான் கவனமாகப் படிக்க வேண்டியது. அடிபட்டவுடன் சூப்பர்வைசர் சில சமயம் தனக்குத் தெரிந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போய், அவரே டாக்டரிடம் பேசி, விபத்து வெளியே தெரியாமலிருக்க, எம்சி இல்லாமல் லைட் டூட்டி (லேசான வேலை மட்டும் செய்யலாம் என்ற சீட்டு) வாங்கித் தருவார். 2020 செப்டம்பரிலிருந்து லைட் டூட்டி கொடுத்தாலும் கம்பெனி விபத்தை மனிதவள அமைச்சுக்கு (எம்ஓஎம்) சொல்லியாக வேண்டும். அதனால், வேலையிடத்தில் எப்படி அடிபட்டது என்பதை டாக்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். இடத்தைப் போட்டோ எடுத்து ரூம்மேட்டுக்கு அனுப்பி வையுங்கள். படித்துப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெல்ட், ஷூ, ஹெல்மெட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பதும் சட்டப்படி தப்பு.

எனக்கு ஆத்திரம் வருவது முதலாளிகள் மேல்கூட இல்லை, நம் ஆட்கள் மேல்தான். "எம்ஓஎம்முக்குப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவான்" என்று புதுப் பையன்களை மிரட்டுவது முக்கால்வாசி நம்மூர்ப் போர்மேன்தான். ஏஜென்ட் கடனோடு வந்தவன் பயந்து வாயை மூடிக்கொள்கிறான். நான் ஆபத்தான வேலைக்கு முன் சைட்டில் தரும் இங்கிலீஷ் அனுமதிச் சீட்டை, அதாவது பெர்மிட்டை, எழுத்துக்கூட்டிப் படித்தே சேஃப்டி சூப்பர்வைசர் ஆனவன். மூன்று மீட்டருக்கு மேல், விழுகிற ஆபத்துள்ள வேலைக்குப் பெர்மிட் இல்லையென்றால் என் ஆளைச் சாரத்தில் ஏறவே விடமாட்டேன்.

நான் வந்த புதிதில் இவ்வளவு பேச்சே கிடையாது. 2004 ஏப்ரல் 20 அன்று இங்கே நிக்கல் ஹைவே பக்கம் எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து நாலு பேர் செத்தார்கள். தன் ஆட்களை வெளியேற்றிவிட்டு உள்ளே மாட்டிய போர்மேனின் உடல் கிடைக்கவே இல்லை. அன்று ராத்திரி எங்கள் டார்மிட்டரியில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எல்லார் வீட்டிலிருந்தும் போன். அந்த வருஷ விபத்துகளுக்கு அப்புறம்தான் 2006 மார்ச்சில் இப்போதைய பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆபத்து என்னவென்று முன்கூட்டியே கணக்கிட்டுத் தடுப்பது முதலாளி பொறுப்பானது. தவறினால் கம்பெனிக்கு முதல் தடவையே 5 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், தனி ஆளுக்கு ஜெயிலும் உண்டு. அதற்கப்புறம்தான் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில், அதாவது வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில், எங்களை நிறுத்தி வைத்து ஒழுங்காகப் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை லாரியிலிருந்து குதித்ததும் நேரே வேலைதான்.