டேஷ்போர்டில் விளக்கு எரியுதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மகன் போன மாதம் கார் வாங்கிக் கொடுத்தான். சாவியைத் திருப்பியதும் சிவப்பும் மஞ்சளுமாக ஏகப்பட்ட விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒயரிங் கோளாறு என்கிறார். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, குடியாத்தம்

பதில்: வண்டியில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. வண்டி தன் விளக்குகளைத் தானே ஒருமுறை எரியவிட்டுப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எரிய வேண்டியது எரிந்து, அணைய வேண்டியது அணைந்தால் சரி. ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த சில விநாடியைப் பார்ப்பதே இல்லை, சாவியைப் போட்ட வேகத்தில் கியரைப் போட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கிறீர்கள், அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். நிறத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: ஓடும்போது சிவப்பு வந்தால் ஓரங்கட்டு, மஞ்சள் வந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு, பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்ற தகவல். ஹெட்லைட் படத்தோடு நீலம் எரிந்தால் ஹைபீம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், எதிரே வருகிறவர் திட்டுவதற்குள் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ஏலகிரி போய்த் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு மின்னி மின்னி மறைந்தது. நேர் ரோட்டுக்கு வந்ததும் காணோம். ஹேண்ட் பிரேக் முழுதாக இறக்கித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தபின் ஒரு தொந்தரவும் இல்லை. விட்டுவிடலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: விடாதீர்கள். இந்த வாரக் கடிதங்களிலேயே என்னைக் கொஞ்சம் உறுத்தியது உங்களுடையதுதான்.

அந்த விளக்குக்கு இரண்டு வேலை. ஹேண்ட் பிரேக் ஒரு பல் ஏறியிருந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். பானட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம், கண்ணாடிக்குக் கிட்டே, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கும், மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதற்குள் ஒரு மிதவை. ஆயில் மினிமம் கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் நேர் ரோட்டில் மிதவை சமாளித்துக்கொள்ளும், ஆனால் பதினான்கு வளைவிலும் வண்டி இப்படியும் அப்படியும் சாயும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி மிதவை இறங்கும், விளக்கு மின்னும். மலை ஒன்றும் புதிதாகக் கெடுக்கவில்லை, முன்பே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

சரி, ஆயில் ஏன் குறைந்தது? பெரும்பாலும் பிரேக் பேடு, அதாவது சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கட்டை, தேய்ந்திருக்கும். பேடு தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். இதைப் பார்க்காமல் ஒரு டப்பா வாங்கி மேலே ஊற்றிவிட்டால் விளக்கு அணைந்துவிடும், தேய்ந்த பேடு அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள் புது பேடு போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நீங்கள் ஊற்றியது பொங்கி வழியும், பட்ட இடத்தில் பெயின்ட்டும் உரியும். அதனால் முதலில் சக்கரத்தைக் கழற்றி பேடு பாருங்கள், பின் சக்கரத்தில் அதே வேலை செய்யும் ஷூவையும் விடாதீர்கள். பேடு நன்றாக இருந்தும் ஆயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் மெத்தென்று இறங்கினாலோ, வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அப்புறம், இறங்கும்போது கியர் என்ன போட்டிருந்தீர்கள்? எழுதவில்லை. ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறும். பல வருடம் மாற்றாத பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: 80 தாண்டினாலே வண்டி பீப் அடிக்கிறது. அந்த ஒயரைக் கட் பண்ண முடியுமா?
– கல்லூரி மாணவர், சத்துவாச்சாரி

பதில்: முடியாது என்று சொல்ல மாட்டேன், செய்யாதே தம்பி என்று சொல்வேன். 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கினார்கள்: 80 தாண்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை, 120 தாண்டினால் விடாமல். நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பீப் பொறுக்கவில்லையென்றால் 78-ல் போகலாமே. போனில் காட்டும் வேகத்தைவிட மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று இரண்டாவதாகக் கேட்டிருந்தாய். எல்லா வண்டியிலும் அப்படித்தான். உண்மை வேகத்தைவிட மீட்டர் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறோம், 2020 மாடல். வண்டி பளபளவென்று இருக்கிறது, போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், ஆம்பூர்

பதில்: "ஒரு விளக்குகூட எரியவில்லை" என்பதை நீங்கள் நல்ல விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். எப்போது எரியவில்லை? ஓடும்போதா, சாவி போட்டபோதா?

அடுத்த முறை போகும்போது தரகரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நீங்களே உட்காருங்கள். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் பெரும்பாலும் கிளட்ச், பிரேக் எதையும் மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் ஆன் ஆகும். இப்போது உட்கார்ந்திருக்கும் ஆள் முன்னால் உருண்டை போட்ட ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். அது எரிய வேண்டும், சில விநாடியில் தானாக அணைய வேண்டும். பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் இன்ஜின் ஓடாததால் எரிந்துகொண்டே இருக்கும், அது சரி.

ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையா? விபத்தில் பை வெடித்து, புதுசு போடச் செலவாகும் என்று பல்பைப் பிடுங்கியிருக்கலாம். இன்னும் கெட்டிக்காரர்கள் அந்த ஒயரை பேட்டரி விளக்கோடோ ஆயில் விளக்கோடோ சேர்த்து முறுக்கிவிடுவார்கள், எரியும், ஆனால் தானாக அணையாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தால்தான் மற்றதோடு சேர்ந்து அணையும். ஸ்டார்ட் செய்யாமல் காத்திருக்கச் சொன்னது இதைப் பிடிக்கத்தான். 2019 ஜூலைக்கு முந்தைய சில மலிவு மாடல்களில் ஏர்பேக்கே கிடையாது, அதில் விளக்கும் இருக்காது. உங்களுடையது 2020, இருந்தாக வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது) விளக்கையும் இதே மாதிரி பாருங்கள். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் சாவி போட்டதும் எரிய வேண்டும், ஆனால் பல வண்டிகளில் அது ஸ்டார்ட் செய்த பிறகுதான் அணையும். கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது, சாயந்திர டீச்செலவு அவருக்கு உங்களுடையது.

கேள்வி: கத்திரி வெயிலில் ஆரணியிலிருந்து வேலூர் வரும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. நிறுத்தி, ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் ஊற்றலாம் என்றேன், என் மச்சான் தடுத்துவிட்டார். யார் சொன்னது சரி?
– வாசகர், ஆரணி

பதில்: உங்கள் மச்சானுக்கு ஒரு நல்ல பிரியாணி வாங்கிக் கொடுங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நேராக முகத்துக்குத்தான் வரும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் விரிசல் விடவும் வாய்ப்புண்டு.

முள் ஏற ஆரம்பித்ததும் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று கேட்காதீர்கள், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். வியர்த்து ஊற்றும், இன்ஜின் பிழைக்கும். அப்படியும் சிவப்புத் தெர்மாமீட்டர் விளக்கு வந்துவிட்டால் ஒரு புளியமரம் பார்த்து நிறுத்திவிட்டு, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். அதே விளக்கு நீலமாக எரிந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், காலையில் கொஞ்ச நேரம் வரும், போய்விடும்.

ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஓடும்போது வந்தால் மரமெல்லாம் தேடக் கூடாது. இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்கிறது அது. அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினவர்கள் இன்ஜினையே பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், இத்தனை நாள் ரேடியேட்டருக்கு போர் தண்ணீரா ஊற்றினீர்கள்? நம் வடஆற்காடு பக்கம் பல ஊரில் போர் தண்ணீர் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டர் குழாயிலும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் ஊற்ற வேண்டும்.

கேள்வி: பிஎஸ் 6 டீசல் கார். வீட்டிலிருந்து சிப்காட் கம்பெனிக்கு தினம் நாலு கிலோமீட்டர்தான். புள்ளி புள்ளியாக ஒரு மஞ்சள் விளக்கு வந்திருக்கிறது. டிபிஎஃப் என்கிறார்கள். அணைக்க என்ன செய்வது?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா பக்கம் வரை போய் வாருங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும்.

புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி அது. சைலன்சர் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். நாலு கிலோமீட்டரில் எங்கே சூடேறும்? அறுபதுக்கு மேல் சீராக இருபது நிமிடம்போல ஓட்டினால் தானே சுத்தம் செய்துகொள்ளும், வேகமும் நேரமும் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். டீசல் ரிசர்வில் இருந்தால் பல வண்டிகள் இந்த வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, ரொப்பிக்கொண்டு போங்கள். நடுவில் இன்ஜினை அணைக்காதீர்கள். ஓட்டி முடித்த சூட்டோடு களத்தில் வைக்கோல் மேலோ, ரோட்டில் காயப்போட்ட வேர்க்கடலைக் கொடி மேலோ நிறுத்தவும் கூடாது, அடியில் அவ்வளவு சூடு இருக்கும். விளக்கை மாதக்கணக்கில் விட்டால் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி இழுக்காமல் போய், வடிகட்டியையே மாற்றச் சொல்வார்கள். பெரிய தொகை. நேராகவே சொல்கிறேன், உங்கள் ஓட்டத்துக்கு டீசல் வாங்கியிருக்கவே வேண்டாம். அடுத்தது பெட்ரோல் பாருங்கள்.

கேள்வி: காட்பாடி ரயில்வே மேம்பால ஏற்றத்தில் ஹில் ஹோல்டை நம்பி காலை எடுத்தேன், வண்டி பின்னால் போய் ஆட்டோவை முட்டப் பார்த்தது. ஹில் ஹோல்டு கெட்டுவிட்டதா?
– வாசகர், விருதம்பட்டு

பதில்: கெடவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்கு மாற்றும் அந்த இரண்டு விநாடிக்கு மட்டும்தான் அது பிடிக்கும். டிராஃபிக் நகரும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால் அது ஆட்டோ ஹோல்டு, வேறு வசதி, தனி பட்டன் இருக்கும். உங்கள் மாடலில் அந்த பட்டன் இல்லையென்றால் ஹேண்ட் பிரேக்தான்.

கேள்வி: பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு தடவையும் பங்க்கில் குழம்புகிறேன். "இன்னும் 60 கி.மீ. போகலாம்" என்று போர்டு காட்டுவதை நம்பலாமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: பெரும்பாலான கார்களில் மீட்டரில் பங்க் படத்துக்குப் பக்கத்தில் குட்டி முக்கோணம் ஒன்று இருக்கும், அது காட்டுகிற பக்கம்தான் மூடி. அறுபது கிலோமீட்டரை ரொம்ப நம்பாதீர்கள். கடைசியாக எப்படி ஓட்டினீர்களோ அந்தக் கணக்கை வைத்துச் சொல்வது அது. ஹைவேயில் வந்து ஊருக்குள் நுழைந்து பௌர்ணமி கூட்டத்தில் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்தால் அறுபது நாற்பதாகிவிடும். ரிசர்வ் விளக்கு வந்ததும் அடுத்த பங்க்கில் போட்டுவிடுங்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் சூடு தணிகிறது, அடிக்கடி வறண்டால் அதற்கும் ஆயுள் குறையும்.